தஞ்சாவூர்ப் பண்ணையாள் முறை

பண்ணையாள் முறை என்பது காவிரி வடிநிலத்தில், குறிப்பாகப் பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் நெல் வயல்களில், 20ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வழக்கிலிருந்த வேளாண் அடிமைத் தொழில் முறை ஆகும். ஒரு நிலவுடைமையாளரின் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் குடும்பத்தோடு வேலை செய்யக் கட்டுண்டிருந்தவர்கள் பண்ணையாட்கள் எனப்பட்டனர். இவர்களிற் பெரும்பாலோர் பள்ளர், பறையர் ஆகிய சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிரித்தானிய இந்தியாவில் அடிமை முறைக்கு இருந்த சட்ட ஏற்பு 1843ல் நீக்கப்பட்ட போதிலும், தஞ்சையில் அது வேறு பெயரில் மேலும் நூறாண்டு காலம் நீடித்தது.

ஐக்கிய அமெரிக்காவில் அடிமை முறை, 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின் முடிவில் ஒழிக்கப்பட்டது. தஞ்சையில் படைகள் மோதிய போர் எதுவும் நடக்கவில்லை. எனினும் 1943 தொடங்கி 1970கள் வரை களத்துமேடுகளிலும் சேரிகளிலும் நீதிமன்றங்களிலும் நீண்ட மோதல் ஒன்று நடந்தது. வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது ஒரு மரக்கால் நெல்லைப் பற்றிய கூலித் தகராறாகவே தோன்றியது. 1968ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டது இம்மோதலின் மிகக் கொடிய நிகழ்வாகும்.

பழைய தஞ்சாவூர் மாவட்டம் என்பது இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களைப் பெரும்பாலும் உள்ளடக்கியது. இதன் கிழக்குப் பகுதி கீழத்தஞ்சை என அழைக்கப்படுகிறது.

சோழர் காலம் முதல் ஒல்லாந்தர் காலம் வரை

மனிதரை விற்பதும் வாங்குவதும் காவிரிக் கரைக்குப் புதியவை அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் ஆட்கள் கோயில்களுக்கும் மடங்களுக்கும் விற்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. மூன்றாம் குலோத்துங்க சோழன் ஆட்சியில், கி.பி. 1201ல், திருப்பாம்புரத்தில் வெள்ளாளர் ஒருவர் தம்மையும் தம் மகள்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். அப்போது பஞ்சம் நிலவியது. ஒரு காசுக்கு மூன்று நாழி நெல்லே கிடைத்தது. இக்கல்வெட்டு இரு வகையில் கவனத்துக்குரியது. முதலாவது, அடிமைப்பட்டவர் அனைவரும் அக்காலத்தில் தாழ்த்தப்பட்ட சாதியினர் அல்லர். இரண்டாவது, அடிமைத்தனத்துக்கு உடனடிக் காரணம் பசியாக இருந்தது. பிற்காலத்தில் நிலத்தோடு கட்டுண்ட அடிமைத்தனம் சாதியோடு இறுகிப்போயிற்று.

17ம் நூற்றாண்டில் இவ்வணிகம் கடல் கடந்தது. ஒல்லாந்தக் கிழக்கிந்திய நிறுவனம் 1658ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அதற்கடுத்த ஆண்டுகளில் பீசப்பூர்ப் படையெடுப்பும் பஞ்சமும் தஞ்சை நாட்டைச் சூறையாடின. அப்போது ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாக வாங்கப்பட்டு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றப்பட்டனர்.

மிராசும் பண்ணையும்

தஞ்சை நாட்டை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோசியிடமிருந்து 1799ல் ஆங்கிலேயக் கிழக்கிந்திய நிறுவனம் எடுத்துக்கொண்டது. அப்போது நிலம் மிராசுதாரர்களிடம் இருந்தது. மிராசு என்பது பரம்பரை நில உரிமை. பிராமணர், வெள்ளாளர், முதலியார், நாயுடு, மூப்பனார், கள்ளர் முதலிய சாதிகளில் மிராசுதாரர்கள் இருந்தனர். கோயில்களும் திருவாவடுதுறை, தருமபுரம், திருப்பனந்தாள் முதலிய மடங்களும் பெருநிலக்கிழார்களாக விளங்கின. ஒரு வேலி (6⅔ ஏக்கர்) நிலம் மட்டும் உடைய மிராசுதாரரும் உண்டு. ஆயிரக்கணக்கான ஏக்கர் உடையவரும் உண்டு. இரு சாராருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: வயலில் தாமே இறங்கி உழைக்காமை.

நெல் சாகுபடி, குறிப்பிட்ட சில நாட்களில் மிகுதியான கைகளைக் கேட்கும் தொழில். ஆற்றில் தண்ணீர் வந்ததும் நாற்றங்கால் தயாராக வேண்டும். நடவு தவறினால் பருவம் தவறும். அறுவடை தாமதித்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கதிர் சாயும். ஆகவே வேண்டிய நேரத்தில் ஆள் கிடைக்கும் என்ற உறுதி மிராசுதாரருக்கு நிலத்தைப் போலவே மதிப்புடையதாக இருந்தது. பண்ணையாள் முறையின் பொருளாதாரக் காரணம் இதுவே. சாதி அதற்கு அரணாக அமைந்தது.

பண்ணையாளின் மனைவியும் பிள்ளைகளும் பண்ணைக்கு உரியவர்களாகவே கருதப்பட்டனர். ஆண்கள் உழவு, வரப்பு வெட்டு, நீர் பாய்ச்சல், அறுவடை ஆகியவற்றையும், பெண்கள் நடவு, களை, அறுவடை ஆகியவற்றையும் செய்தனர். சிறுவர் மாடு மேய்த்தனர். கூலி நெல்லாக மரக்காலில் அளக்கப்பட்டது (12 மரக்கால் கொண்டது ஒரு கலம்). வேலையில்லாத மாதங்களில் கடன் வாங்கியே வாழ வேண்டியிருந்தது. திருமணச் செலவுக்கும் மிராசுதாரரிடமே கடன். கடன் இருக்கும் வரை வேறு பண்ணைக்குச் செல்ல இயலாது. குடிசை நின்ற மனையும் மிராசுதாரருடையது என்பதால், வேலையை விட்டவர் அன்றே வீட்டையும் இழந்தார். அமெரிக்கத் தோட்ட அடிமைக்குப் பூட்டும் சங்கிலியும் செய்த வேலையை இங்கே குடிமனை செய்தது எனலாம்.

தண்டனைகளில் சவுக்கடியும், சாணிப்பால் எனப்பட்ட, சாணத்தைக் கரைத்த நீரைக் குடிக்கச் செய்தலும் பெயர் பெற்றவை. முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டுதல், செருப்பு அணிதல், அக்கிரகாரத்திலும் ஊர்த்தெருவிலும் நடத்தல் ஆகியன விலக்கப்பட்டிருந்தன. வேலைக்கு நேரம் வரையறுக்கப்படவில்லை. விடியுமுன் தொடங்கி இருட்டிய பின் முடிந்தது.

1843ம் ஆண்டுச் சட்டம்

சென்னை வருவாய் வாரியம் 1819ல் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமை முறை பற்றி விவரம் கேட்டது. வந்த அறிக்கைகள் அடிமைகளின் நிலையைத் தெளிவாகவே காட்டின. ஆனால் நிலவரி வருவாய் நெல்லை நம்பியிருந்தது. நெல் அந்த அடிமைகளின் உழைப்பை நம்பியிருந்தது. வாரியம் தலையிட விரும்பவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றம் 1833ல் தன் பேரரசில் அடிமை முறையை ஒழித்தபோதும், கிழக்கிந்திய நிறுவனத்தின் ஆட்சிப்பகுதிகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த 1843ம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைகளை விடுவிப்பதாக எங்கும் அறிவிக்கவில்லை. ஒருவர் மீது அடிமை உரிமை கோரி வரும் வழக்கை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்றும், அவ்வுரிமையின் பெயரால் எவரையும் விற்கக்கூடாது என்றும் அது கூறியது. அடிமைகளை வைத்திருப்பதும் வணிகம் செய்வதும் குற்றமானது இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1862 சனவரி 1 முதலேயாகும். அப்போது அமெரிக்காவில் போர் நடந்துகொண்டிருந்தது.

இச்சட்டங்களால் ஆள் விற்பனைப் பத்திரங்கள் மறைந்தன. ஆனால் விடுதலை பெற்றவருக்கு நிலம் தரப்படவில்லை, குடியிருக்க மனையும் தரப்படவில்லை. எனவே அடிமையாள் பண்ணையாள் ஆனார். வேலையும் எசமானரும் சேரியும் மாறவில்லை. வெளியேற ஒரு வழி கடல். நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பல்லாயிரவர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறி, மலாயாவின் கரும்பு, இரப்பர்த் தோட்டங்களில் ஒப்பந்தத் தொழிலாளராகவும் கங்காணி வழியாகவும் சேர்ந்தனர். அங்கும் கடினமான வாழ்க்கையே. ஆயினும் திரும்பி வந்தவர்கள் கையில் ரொக்கமும், தொழிற்சங்கம் என்ற சொல்லும் கொண்டுவந்தனர்.

செங்கொடிச் சங்கம்

தஞ்சையில் முதன்முதலில் பண்ணையாட்களையும் குத்தகை விவசாயிகளையும் ஒரே சங்கத்தில் இணைத்தவர்கள் கம்யூனிஸ்டுகள். இவர்களில் முதன்மையானவர் பி. சீனிவாச ராவ் (1907–1961). கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இவர் 1943ல் கட்சியால் கீழத்தஞ்சைக்கு அனுப்பப்பட்டார். அவ்வாண்டில் மன்னார்குடிக்கு அருகிலுள்ள தென்பரையில் விவசாயிகள் சங்கத்தின் முதற்கிளை அமைக்கப்பட்டது. சேரிகளில் தங்கி, சேரி மக்களோடு உண்டு, அடிப்பவரைத் திருப்பி அடிக்கும்படி அவர் கூறியதே இயக்கத்தின் தொடக்கமாகச் சொல்லப்படுகிறது. களப்பாள் குப்பு, மணலி கந்தசாமி ஆகியோரும் இயக்கத்தின் தொடக்ககாலத் தலைவர்களாவர். திராவிடர் கழகத்துக்கும் மாவட்டத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கம் இருந்தது.

சங்கத்தின் முதற் கோரிக்கைகள் இன்று படிப்போருக்கு மிகச் சிறியனவாகத் தோன்றும். சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது. வேலைக்கு நேர வரையறை வேண்டும். அரசு முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்கப்பட வேண்டும். கடைசிக் கோரிக்கைக்குக் காரணம், கூலி அளக்க ஒரு மரக்காலும் கடனை வசூலிக்க வேறொரு மரக்காலும் பண்ணைகளில் இருந்தன என்ற குற்றச்சாட்டு. 1944ல் மன்னார்குடியில் அதிகாரிகள் முன்னிலையில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் மிராசுதாரர்கள் உடல் தண்டனைகளைக் கைவிட ஒப்புக்கொண்டனர். அவ்வாறு ஒப்புக்கொண்டதன் மூலம் அதுவரை அத்தகைய தண்டனைகள் நடந்ததும் ஆவணமாயிற்று.

1948ல் மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) மற்றோர் ஒப்பந்தம் பண்ணையாட்களின் கூலியை உயர்த்தியது. அதே ஆண்டில் கம்யூனிஸ்டுகள் மீது அரசின் ஒடுக்குமுறை கடுமையானது. பலர் சிறையிலும் தலைமறைவிலும் இருந்தனர். களப்பாள் குப்பு 1948ல் சிறையில் இறந்தார். மலாயாவிலிருந்து திரும்பிவந்து தலைமறைவாக இயங்கிய வாட்டாக்குடி இரணியனும், சாம்பவானோடை சிவராமனும் 1950ல் காவல்துறையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தம்பிக்கோட்டையில் பிறந்து மலாயாவில் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி 1949ல் கோலாலம்பூரில் தூக்கிலிடப்பட்டார். தஞ்சைச் சேரிகளுக்கும் மலாயாத் தோட்டங்களுக்கும் இருந்த தொடர்பை இவர்களின் வாழ்க்கை காட்டுகிறது.

1952ம் ஆண்டுச் சட்டமும் வெளியேற்றமும்

1952 பொதுத்தேர்தலில் கீழத்தஞ்சையில் கம்யூனிஸ்டுகள் பல இடங்களில் வென்றனர். கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று அறிவித்த முதலமைச்சர் இராசகோபாலாச்சாரியே, அவ்வாண்டு ஆகஸ்டில் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தார். பின்னர் அது சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் உடையவர்களுக்கு இது பொருந்தியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கும் ஐந்தாண்டுக் காலப் பாதுகாப்பும் கிடைத்தன. பண்ணையாட்களைக் காரணமின்றி நீக்குவது தடுக்கப்பட்டு, கூலியும் வரையறுக்கப்பட்டது. மிராசுதாரர்கள், அவர்களில் காங்கிரசுக்காரர்களும், இதைக் கடுமையாக எதிர்த்தனர்.

இச்சட்டத்தின் விளைவு எதிர்பாராதது. பாதுகாப்பு பண்ணையாளுக்கு மட்டுமே என்பதால், பண்ணையாளே இல்லாமல் செய்துவிடுவது மிராசுதாரர்களுக்கு எளிய வழியாகத் தோன்றியது. புதிதாக எவரையும் பண்ணையாளாகச் சேர்க்கவில்லை. இருந்தவர்களையும் படிப்படியாக நாட்கூலிகளாக மாற்றினர். 1951 முதல் 1953 வரை தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்து, 1976ல் மீண்டும் வந்த மானிடவியலாளர் காத்தலீன் கஃப் இம்மாற்றத்தை நேரில் பதிவு செய்துள்ளார். இவ்வாறு அடிமைக் கட்டு அறுந்தது. அதனோடு ஆண்டு முழுவதும் வேலை என்ற ஒரே உறுதியும் அறுந்தது. 1961ல் வந்த குடியிருப்புப் பாதுகாப்புச் சட்டம் மனையிலிருந்து வெளியேற்றப்படுவதைத் தடுத்தது. அவ்வாண்டின் நில உச்சவரம்புச் சட்டம் 30 நிலைத்தர ஏக்கரை வரம்பாக வைத்தது. பினாமிப் பெயர்களாலும் அறக்கட்டளைகளாலும் அதன் பயன் பெரிதும் குறைந்தது.

நெல் உற்பத்தியும் கூலிப் பூசலும்

1960களின் தொடக்கத்தில் தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல்வகை அறிமுகமானதும் குறுவைப் பரப்பு பெருகியது. இரு போகம் விளைந்ததால் நடவும் அறுவடையும் இருமுறை வந்தன. வேலை நெருக்கடியும் கூடியது. விளைச்சல் உயர்ந்தபோது கூலி உயரவில்லை என்பது தொழிலாளர் வாதம். உரம், விதை, பூச்சிமருந்து ஆகியவற்றின் செலவு கூடிவிட்டது, அரசின் கொள்முதல் விலை போதவில்லை என்பது நிலவுடைமையாளர் வாதம். பின்னதிலும் உண்மை இல்லாமலில்லை. சிறிய மிராசுதாரர்கள் கடனில் இருந்தனர். ஆனால் மோதலை முன்னின்று நடத்தியவர்கள் சிறியவர்கள் அல்லர்.

கூலி உயர்வு கேட்ட ஊர்களில் அறுவடைக்கு வெளியூர் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். உள்ளூர்த் தொழிலாளர் அதைத் தடுத்தனர். 1966ல் நிலவுடைமையாளர்கள் நாகப்பட்டினம் பகுதியில் நெல் உற்பத்தியாளர் சங்கத்தை அமைத்தனர்; இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு அதன் தலைவரானார். 1964ல் கட்சி பிளவுபட்ட பின் இப்பகுதித் தொழிலாளரிற் பலர் மார்க்சிஸ்ட் கட்சியின் சங்கத்தில் இருந்தனர். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர வேண்டும் என்று சேரிகள் வற்புறுத்தப்பட்டன. மறுத்தவர்களுக்கு வேலை மறுப்பும் அபராதமும் விதிக்கப்பட்டன. கூலி எவ்வளவு என்ற கேள்வி இந்நிலையில் பின்னுக்குப் போய்விட்டது. கொடி யாருடையது, சங்கம் வைக்கும் உரிமை சேரிக்கு உண்டா என்பதே பூசலின் பொருளாயிற்று.

கீழ்வெண்மணி

1968 டிசம்பர் 25 அன்று மாலை, நாகப்பட்டினம் வட்டம் கீழ்வெண்மணியில் சங்கத்தைச் சேர்ந்த இருவரை நிலவுடைமையாளரின் ஆட்கள் பிடித்து வைத்தனர். ஊரார் திரண்டு சென்று அவர்களை மீட்டனர். அப்போது நடந்த கைகலப்பில் நிலவுடைமையாளர் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி என்பவர் உயிரிழந்தார். அன்றிரவு ஆயுதங்களுடன் ஒரு கூட்டம் சேரியைச் சூழ்ந்து துப்பாக்கியால் சுட்டது. ஆண்கள் பலர் வயல்கள் வழியாகத் தப்பினர். ஓட இயலாத பெண்களும் குழந்தைகளும் முதியோரும் தெருக்கோடியில் இருந்த சிறிய குடிசை ஒன்றுக்குள் புகுந்தனர். குடிசை வெளியே பூட்டப்பட்டு எரிக்கப்பட்டது. இறந்தோர் 44 பேர்; அக்காலச் செய்திகளில் 42 என்ற எண்ணும் காணப்படுகிறது.

இரு வழக்குகள் நடந்தன. பக்கிரிசாமி கொலை வழக்கில் தொழிலாளர்கள் தண்டிக்கப்பட்டனர். எரிப்பு வழக்கில் 1970ல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உட்பட எட்டுப் பேருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் 1973ல் அனைவரையும் விடுதலை செய்தது. பெருநிலம் உடைய செல்வர்கள், ஏவலாட்களை அனுப்பாமல் தாமே நேரில் சென்று இச்செயலைச் செய்திருப்பார்கள் என்பதை நம்ப இயலாது என்ற அத்தீர்ப்பின் கருத்து இன்றளவும் விமர்சிக்கப்பட்டு வருகிறது. கோபாலகிருஷ்ண நாயுடு 1980 டிசம்பரில் கொலை செய்யப்பட்டார்.

பின்விளைவுகள்

நிகழ்வை அடுத்து அரசு கணபதியா பிள்ளை தலைமையில் ஒரு விசாரணை ஆணையத்தை அமைத்தது. அதன் பரிந்துரையை ஒட்டி 1969ல் கீழத்தஞ்சைக்குப் பொருந்தும் வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1970ல் நில உச்சவரம்பு 15 நிலைத்தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. 1971ம் ஆண்டுக் குடியிருப்பு (உரிமை வழங்கல்) சட்டம், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அம்மனையைச் சொந்தமாக்கியது. பண்ணையாள் முறையின் வேரைத் தொட்ட சட்டம் எதுவெனக் கேட்டால் இதனையே முதலில் குறிப்பிட வேண்டும். 1843ல் விடுபட்டதன் ஒரு பகுதி, 128 ஆண்டுகள் கழித்து இதனால் நிறைவேறியது. நாடு முழுவதற்குமான கொத்தடிமைத் தொழில் ஒழிப்புச் சட்டம் 1976ல் வந்தது.

நிலப் பகிர்வு மெதுவாகவே நடந்தது. சர்வோதய இயக்கத்தைச் சேர்ந்த சங்கரலிங்கம் செகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் கீழ்வெண்மணி நிகழ்வுக்குப் பின் கீழத்தஞ்சையில் தங்கி, வலிவலம் முதலிய ஊர்களில் அறக்கட்டளை நிலங்களுக்காக அறப்போர் நடத்தினர். 1981ல் அவர்கள் தொடங்கிய லாஃப்டி அமைப்பு, வங்கிக் கடன் பெற்று மிராசுதாரர்களிடமிருந்து நிலத்தை விலைக்கு வாங்கி, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. ஆயிரக்கணக்கான ஏக்கர் இவ்வாறு கைமாறியது.

கீழ்வெண்மணியில் இறந்தோரின் பெயர்கள் பொறித்த நினைவிடம் உள்ளது. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று அங்கு அஞ்சலிக் கூட்டம் நடைபெறுகிறது.

இலக்கியத்திலும் திரையிலும்

இந்திரா பார்த்தசாரதி எழுதிய குருதிப்புனல் (1975) கீழ்வெண்மணி நிகழ்வைப் பின்னணியாகக் கொண்ட புதினம். 1977ம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றது. நில உறவையும் கூலியையும் விட்டு, நிலவுடைமையாளரின் உளச்சிக்கலை முதன்மைப்படுத்தியதாக இடதுசாரி விமர்சகர்கள் இதைக் குறை கூறினர். சோலை சுந்தரபெருமாளின் செந்நெல் (1999) இதே நிகழ்வைத் தஞ்சை வட்டார வழக்கில் தொழிலாளர் பக்கமிருந்து சொல்கிறது. பாரதி கிருஷ்ணகுமார் இயக்கிய ராமையாவின் குடிசை (2005) ஆவணப்படத்தில், அன்றிரவு உயிர் தப்பியவர்கள் தாம் கண்டதைத் தம் வாயாலேயே கூறியுள்ளனர்.